இளம் விண்மீனின் வட்டில் நீராவி: அங்கே கோளும் உயிரும் பிறக்குமா?

கேள்வி இதுதான்: ஏறத்தாழ 370 ஒளியாண்டு தொலைவில் உள்ள பி.டி.எஸ். 70 என்ற இளம் விண்மீனைச் சுற்றி வாயுவும் தூசும் நிறைந்த ஒரு வட்டு இருக்கிறது. அந்த வட்டின் உட்பகுதியில், பூமி போன்ற பாறைக் கோள்கள் உருவாகக்கூடிய தொலைவிலேயே, நீராவி இருப்பதை ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி 2023-இல் கண்டறிந்தது. அப்படியானால் அங்கே கோள்கள் எவ்வாறு உருவாகின்றன, உருவான பின் அவற்றில் உயிரும் தோன்றுமா?

முதல் பாதிக்கு இன்று பெருமளவு உறுதியாக விடை சொல்லலாம். கோள்கள் பிறப்பதை நேரடியாகவே பார்க்கத் தொடங்கிவிட்டோம். இரண்டாம் பாதிக்கான விடையைப் பொறுத்தவரை, நீர் இருக்கிறதா இல்லையா என்பதைவிட, அது எவ்வளவு வந்து சேர்கிறது, எப்போது வந்து சேர்கிறது, வந்த பின் விண்மீன் அதை விட்டுவைக்கிறதா என்பவையே முக்கியம் என்று நான் கருதுகிறேன். அதற்கான காரணங்களை விளக்க, வட்டு எப்படி வந்தது என்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

குளிர்ந்த மூலக்கூறு முகில் ஒன்றின் ஒரு பகுதி தன் ஈர்ப்பினாலேயே சுருங்கும்போது விண்மீன் பிறக்கிறது. முகிலில் இருந்த மிக மெதுவான சுழற்சி, சுருங்கச் சுருங்க வேகம் பெறுகிறது. அந்தச் சுழற்சியின் காரணமாக எல்லாப் பொருளும் நேரே மையத்தில் விழ முடியாமல், ஒரு பகுதி மையத்தைச் சுற்றித் தட்டையாகப் பரவி வட்டாகிறது. சூரியக் குடும்பம் இப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும் என்று 1755-இல் இம்மானுவேல் காண்ட்டும், 1796-இல் லாப்லாஸும் ஊகித்தார்கள். கோள்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே தளத்தில், ஒரே திசையில் சுற்றுவதுதான் அவர்களிடம் இருந்த முக்கியமான சான்று. அந்த ஊகத்தைக் கண்ணால் பார்க்க இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2014-இல் சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் உள்ள அல்மா ரேடியோ தொலைநோக்கிகள், 15 கிலோமீட்டர் வரை பரப்பி வைக்கப்பட்ட நிலையில், ஹெச்.எல். டவ்ரி என்ற விண்மீனைப் படம் பிடித்தன. வானில் ரோகிணி விண்மீனுக்கு மிக அருகில் தெரியும் திசையில், ஆனால் அதைவிட மிகத் தொலைவில், சுமார் 450 ஒளியாண்டுக்கு அப்பால் அது இருக்கிறது. ஒன்றுக்குள் ஒன்றாக ஒளிரும் வளையங்களும் அவற்றுக்கிடையே இருண்ட இடைவெளிகளும் அந்தப் படத்தில் தெரிந்தன. அவ்வளவு ஒழுங்கான அமைப்பை வெறும் பத்து லட்சம் ஆண்டு வயதுகூட நிறையாத ஒரு விண்மீனிடம் யாரும் எதிர்பார்க்கவில்லை. கோள் உருவாக்கம் நினைத்ததைவிட மிக விரைவாகத் தொடங்குகிறது என்ற எண்ணம் அந்தப் படத்திலிருந்துதான் வலுப்பெற்றது.

வட்டில் உள்ள தூசுத் துகள்கள் தொடக்கத்தில் புகைத் துகள் அளவே இருக்கும். அவை மெதுவாக மோதி ஒட்டிக்கொண்டு மில்லிமீட்டர், சென்டிமீட்டர் அளவுக்கு வளர்வதில் பெரிய சிக்கல் இல்லை. மறுமுனையில், நூறு கிலோமீட்டர் அளவுள்ள கட்டிகள் கிடைத்துவிட்டால், அவற்றின் சொந்த ஈர்ப்பே மேலும் பொருளை இழுத்து வளர்த்துக்கொள்ளும். இந்தக் கட்டத்தின் அடிப்படைக் கணக்கை 1969-இல் சோவியத் அறிவியலாளர் விக்டர் சஃப்ரோனோவ் விரிவாகப் போட்டுக் காட்டினார். இடர் முழுவதும் நடுவில் இருந்தது. வட்டில் உள்ள வாயு தன் அழுத்தத்தால் சற்றே தாங்கப்படுவதால், அதே தொலைவில் சுற்றும் திடப்பொருளைவிடச் சிறிது மெதுவாகச் சுற்றுகிறது. எனவே கூழாங்கல்லும் பாறையும் எப்போதும் எதிர்க்காற்றில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த எதிர்க்காற்று அவற்றின் வேகத்தைத் தின்று, அவற்றை விண்மீனை நோக்கிச் சுருள்பாதையில் இறக்குகிறது. பூமியின் தொலைவில் இருக்கும் ஒரு மீட்டர் அளவுள்ள பாறை சில நூறு ஆண்டுகளுக்குள் விண்மீனில் விழுந்து அழிந்துவிடும் என்பது கணக்கு. அதற்குள் அது வளர்ந்து தப்ப வேண்டும். ஆனால் அந்த அளவுள்ள பாறைகள் மோதினால் ஒட்டாமல் உடைந்தே போகின்றன. கோட்பாட்டின்படி கோள்களே உருவாகக் கூடாது. ஆனால் நாம் ஒரு கோளின் மேல் நின்றுகொண்டு அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறோம். பல பத்தாண்டுகள் இந்த முடிச்சு அவிழவில்லை.

2005-இல் ஆண்ட்ரூ யூடினும் ஜெரமி குட்மேனும் காட்டிய வழியைத்தான் இன்று பெரும்பாலானோர் ஏற்கிறார்கள். பலத்த எதிர்க்காற்றில் தனியாகச் சைக்கிள் மிதிப்பவரைவிடக் கூட்டமாக மிதிப்பவர்களுக்குச் சிரமம் குறைவு. அதுபோலவே, கூழாங்கற்கள் ஓரிடத்தில் சற்று அடர்த்தியாகச் சேர்ந்தால் அவை தம்மைச் சுற்றியுள்ள வாயுவையும் தம்மோடு இழுத்துச் செல்கின்றன. அவற்றின் மீதான எதிர்க்காற்று குறைகிறது. அவை உள்நோக்கி இறங்கும் வேகம் தணிகிறது. பின்னால் வேகமாக இறங்கி வரும் தனிக் கற்கள் அந்தக் கூட்டத்தில் வந்து சேர, அடர்த்தி மேலும் கூடுகிறது. ஒரு கட்டத்தில் அந்தக் கூட்டம் முழுவதும் தன் ஈர்ப்பால் மெதுவாகச் சரிந்து, மீட்டர் அளவு என்ற கட்டத்தையே தொடாமல், நேரடியாகப் பல பத்து, பல நூறு கிலோமீட்டர் அளவுள்ள உடலாகிவிடுகிறது. இதற்கு அழகான சான்று நம் சூரியக் குடும்பத்தின் விளிம்பிலேயே கிடைத்தது. 2019 ஜனவரி 1 அன்று நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் கடந்து சென்ற அரோகோத் என்ற சிறு உடல், இரண்டு தனித்தனிக் கட்டிகள் ஒன்றையொன்று தொட்டு ஒட்டிக்கொண்ட வடிவம் உடையது. ஒட்டிய இடத்தில் நசுங்கலோ உடைசலோ இல்லை. நடைவேகத்தை ஒத்த மென்மையான சந்திப்பு மட்டுமே அத்தகைய வடிவத்தை விட்டுவைக்க முடியும்.

அதன்பின் வளர்ச்சி வேகமானது. மிதந்து வரும் கூழாங்கற்களை, வாயுவின் தடையே வேகம் தணித்துக் கொடுக்க, வளரும் கரு வாரி விழுங்குகிறது. பூமியைப் போல் பத்து மடங்கு எடை சேர்ந்த கரு, சுற்றியுள்ள ஹைட்ரஜனையும் ஹீலியத்தையும் இழுத்து வியாழன் போன்ற பெருங்கோளாகலாம். ஆனால் வாயு நெடுநாள் இருக்காது. பெரும்பாலான வட்டுகளில் சில பத்து லட்சம் ஆண்டுகளிலேயே அது விண்மீனில் விழுந்தோ, புற ஊதாக் கதிரால் சூடாகி வெளியேறியோ தீர்ந்துவிடுகிறது; ஒரு கோடி ஆண்டு தாண்டிய வட்டுகள் அரிது. வாயுக் கோளுக்கு இது ஒரு கெடு.

நம் சொந்தக் குடும்பத்தில் இந்தக் கெடு எப்போது தொடங்கியது என்பதை விண்கற்கள் சொல்கின்றன. அவற்றுக்குள் இருக்கும் கால்சியமும் அலுமினியமும் செறிந்த வெண்ணிறத் துணுக்குகள்தாம் சூரியக் குடும்பத்தின் மிகப் பழைய திடப்பொருள், வயது 456.7 கோடி ஆண்டு. கொதிக்கும் வாயுவிலிருந்து முதன்முதலில் படிந்த கனிமங்கள் அவை. 2025-இல் ஓரியன் திசையில், சுமார் 1,300 ஒளியாண்டு தொலைவில், ஹாப்ஸ் 315 என்ற குழந்தை விண்மீனைச் சுற்றி இதே கட்டம் நடந்துகொண்டிருப்பதை ஜேம்ஸ் வெப், அல்மா இரண்டின் துணையோடு கண்டார்கள். சிலிக்கான் மோனாக்சைடு வாயுவாகவும், அதனருகே சிலிகேட் படிகங்களாகவும், நம் சிறுகோள் பட்டைக்கு ஒப்பான தொலைவில் அங்கே இருக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் விண்கல்லை அறுத்து நாம் ஊகித்துவந்த முதல் நாளை வேறொரு விண்மீனிடம் நேரில் காண்பது என்னை இன்றும் சிலிர்க்க வைக்கிறது.

விண்கற்கள் இன்னொன்றும் சொல்கின்றன. நம் கேள்விக்கு அதுவே மிக முக்கியம். ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள வகைகள்) விகிதங்களைக் கொண்டு பார்த்தால், விண்கற்கள் ஒன்றோடொன்று கலக்காத இரண்டு பெருங்குடும்பங்களாகப் பிரிகின்றன: சூரியனுக்கு அருகே உருவான உலர்ந்தவை ஒன்று, வெளியே, பனி மிகுந்த பகுதியில் உருவான கரியும் நீரும் கொண்டவை மற்றொன்று. ஏறத்தாழ பத்து லட்சம் ஆண்டுகளுக்குள்ளேயே வியாழனின் கரு வளர்ந்து இரண்டுக்கும் நடுவே நின்றுவிட்டது என்பது இதற்கு 2017-இல் முன்வைக்கப்பட்ட விளக்கம். பெருங்கோள் ஒன்று வளரும்போது அதன் வெளிப்புறத்தில் வாயுவின் அழுத்தம் மேடிடுகிறது. வெளியிலிருந்து இறங்கி வரும் பனிக் கூழாங்கற்கள் அந்த மேட்டில் தேங்கிவிடுகின்றன. வாய்க்காலின் தலைப்பில் மதகை இறக்கியது போல, உட்புறத்துக்கு வர வேண்டிய நீர் வெளியே நின்றுவிடுகிறது.

பி.டி.எஸ். 70 விண்மீனிடம் இதே மதகு இரண்டு இருக்கிறது. 2018-இல் ஒரு பெருங்கோளும், 2019-இல் இன்னொன்றும் அங்கே கண்டறியப்பட்டன. இரண்டும் வட்டின் நடுவே உள்ள மிகப் பெரிய இடைவெளிக்குள் சுற்றுகின்றன. ஹைட்ரஜன் அவற்றின் மீது விழும்போது எழும் ஒளியையும் பார்க்க முடிகிறது. அதாவது அவை இன்னும் வளர்கின்றன. வெளியே உள்ள கோளைச் சுற்றித் தனியாக ஒரு சிறு வட்டு இருப்பதையும் அல்மா 2021-இல் காட்டியது. நம் நிலவைப் போன்ற மூன்று நிலவுகளுக்குப் போதுமான தூசு அதில் இருப்பதாக மதிப்பிட்டார்கள். விண்மீனின் வயது சுமார் 54 லட்சம் ஆண்டு. இந்த வயதில், மதகுகள் மூடிய பின்னும், உட்பகுதியில் நீராவி இருக்கிறது என்பதுதான் 2023-ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பின் வியப்பு. விண்மீனிலிருந்து 16 கோடி கிலோமீட்டருக்குள், அதாவது ஏறக்குறைய நம் பூமியின் தொலைவுக்குள், அந்த நீராவி உள்ளது. மதகின் இடுக்குகள் வழியே மிக நுண்ணிய தூசு பனியைச் சுமந்து கசிந்து வந்திருக்கலாம். அல்லது உள்ளேயே ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீர் உருவாகியிருக்கலாம்.

இனி உயிரைப் பற்றிய பாதி. நீர் இருந்தாலே நல்லது, நிறைய இருந்தால் இன்னும் நல்லது என்று செய்திகள் எழுதப்படுவதைப் பார்க்கிறேன். உண்மை அப்படியில்லை. பூமியின் கடல்கள் அனைத்தையும் சேர்த்தாலும் அது பூமியின் மொத்த எடையில் நாலாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. பனி மண்டலத்தில் உருவாகி உள்ளே நகர்ந்து வந்த ஒரு கோளின் எடையில் பல விழுக்காடு நீராக இருக்கக்கூடும். அத்தகைய ஆழ்கடலின் அடியில் அழுத்தம் தாங்காமல் நீர் பனிக்கட்டியாக இறுகி, கடலுக்கும் பாறைக்கும் நடுவே தடுப்பாகிவிடலாம். பாறையிலிருந்து கரையும் பாஸ்பரஸும் இரும்பும் கடலுக்கு எட்டாது. கரியமில வாயுவைப் பாறையில் பூட்டி, எரிமலை வழியே திருப்பித் தரும் சுழற்சியும் நடக்காது. நிலமே இல்லாத கடல் உயிருக்குத் தாயாக முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பூமியில் நடந்த வேதியியலுக்கு அங்கே இடம் குறைவு. மதகு முழுதாகத் திறந்தாலும் பயனில்லை, முழுதாக மூடினாலும் பயனில்லை. கசிவுதான் வேண்டும்.

பூமிக்கு அந்தக் கசிவு எப்படி வந்தது என்பதில் இன்னும் வாதம் ஓயவில்லை. சாதாரண ஹைட்ரஜனுக்கு டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜன் எவ்வளவு என்ற விகிதம் நீரின் பிறப்பிடத்தைக் காட்டும் அடையாளம். ரோசெட்டா விண்கலம் ஆராய்ந்த 67பி வால்வெள்ளியின் நீரில் அந்த விகிதம் நம் கடலைப் போல் மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது; ஹார்ட்லி 2 வால்வெள்ளியில் கடலை ஒத்திருந்தது. கரி மிகுந்த சிறுகோள்கள் கொண்டுவந்திருக்கலாம் என்பது நெடுநாள் கருத்து. உலர்ந்தவை என்று எண்ணியிருந்த, பூமியின் மூலப்பொருளுக்கு மிக நெருங்கிய என்ஸ்டடைட் வகை விண்கற்களிலேயே கடலைப் போல் மூன்று மடங்கு நீருக்குப் போதுமான ஹைட்ரஜன் உண்டு என 2020-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டியது அந்தக் கருத்தை அசைத்தது. பெரும்பகுதி உள்ளிருந்தே வந்தது, ஒரு பகுதி வெளியிலிருந்து பின்னர் சேர்ந்தது என்ற கலவையே எனக்கு நம்பத்தகுந்ததாகப் படுகிறது. எப்படியானாலும் அந்த நீரில் ஒரு பகுதி சூரியனைவிடப் பழையது. ஓரியனில் உள்ள வி883 என்ற இளம் விண்மீனின் வட்டில் கனநீரின் விகிதத்தை 2023-இல் அளந்தபோது, அது முகில் கட்டத்து நீரையும் வால்வெள்ளி நீரையும் ஒத்திருந்தது. முகிலில் உறைந்த நீர், விண்மீன் பிறக்கும் கொந்தளிப்பிலும் உருக்குலையாமல் வட்டுக்கு வந்து சேர்கிறது என்பதே அதன் பொருள். இதை ஒப்புக்கொண்டால் நீர் எந்த இளம் குடும்பத்துக்கும் அரிய பொருளன்று.

உயிரின் பிற மூலப்பொருட்களுக்கும் இது பொருந்தும். 1969-இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில் எழுபதுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கிடைத்தன. பென்னு சிறுகோளிலிருந்து 2023 செப்டம்பரில் ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் கொண்டுவந்த மண்ணில், பூமியின் உயிர்கள் புரதம் கட்டப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14-உம், மரபுப்பொருளான டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரண்டின் எழுத்துகள் போன்ற ஐந்து காரங்களும், உவர்நீர் வற்றிப் படிந்த உப்புகளும் இருந்ததாக 2025-இல் அறிவித்தார்கள். ஆனால் அந்த அறிவிப்பில் பலர் கவனிக்காமல் கடந்துவிட்ட செய்தி ஒன்று உண்டு. அமினோ அமிலங்கள் இடக்கை, வலக்கை என இரு வடிவங்களில் வரும். பூமியின் உயிர்கள் இடக்கை வடிவத்தையே புரதத்துக்குத் தேர்ந்தெடுத்திருக்கின்றன. பென்னுவில் இரண்டும் ஏறக்குறையச் சமமாக இருந்தன. அங்கே வேதியியல் மட்டுமே நடந்திருக்கிறது, தேர்வு நடக்கவில்லை. அரிசியும் பருப்பும் உப்பும் வீட்டில் இருப்பதற்கும் சமையல் முடிந்திருப்பதற்கும் உள்ள தொலைவு அது. அந்தத் தொலைவை இயற்கை எளிதாகக் கடக்குமா, பல கோடியில் ஒருமுறை கடக்குமா என்பதற்கு நம்மிடம் ஒரே ஒரு எடுத்துக்காட்டுதான் உண்டு. பூமியில் 440 கோடி ஆண்டுப் பழமையான சிர்க்கான் படிகங்கள் அப்போதே நீர் இருந்ததைக் காட்டுகின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவில் 348 கோடி ஆண்டுப் பாறையில் நுண்ணுயிர்கள் அடுக்கடுக்காகக் கட்டிய படிவங்கள் இருக்கின்றன. உயிர் விரைவாகத் தொடங்கியது உண்மை. விரைவாகத் தொடங்காத கோளில் கேள்வி கேட்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள் என்பதும் உண்மையே; அதனால் அந்த ஒரு எடுத்துக்காட்டின் எடையை மிகைப்படுத்தக் கூடாது.

விண்மீனின் குணமும் பார்க்கப்பட வேண்டும். எடை மிகுந்த விண்மீன்களுக்கு ஆயுள் போதாது. அபிஜித் விண்மீனுக்குச் சூரியனைப் போல் இரு மடங்கு எடை. அதன் மொத்த வாழ்நாளே சுமார் 100 கோடி ஆண்டு. எடை மிகக் குறைந்த செங்குறு விண்மீன்களுக்கு ஆயுள் மிக நீளம். ஆனால் இளமை கொடியது. அவை நிலைபெறும் முன் பல கோடி ஆண்டுகள் பிற்காலத்தைவிட மிகப் பிரகாசமாக எரிகின்றன. பின்னாளில் மிதமான வெப்பம் நிலவப்போகும் தொலைவில் உள்ள கோள்கூட அந்தக் காலத்தில் வேகவைக்கப்பட்டு, நீரை ஆவியாக இழக்கக்கூடும். ஏழு பாறைக் கோள்களைக் கொண்ட டிராப்பிஸ்ட் 1 குடும்பத்தில், விண்மீனுக்கு மிக அருகில் உள்ள கோளுக்குக் குறிப்பிடத்தக்க வளிமண்டலம் இருப்பதற்கான அடையாளம் இல்லை என்று ஜேம்ஸ் வெப் 2023-இல் கண்டது. அடுத்த கோளிலும் அடர்த்தியான கரியமில வாயுப் போர்வை தென்படவில்லை. மிதமான தொலைவில் உள்ள கோள்களைப் பற்றி இதை வைத்து முடிவு செய்ய முடியாது. ஆனால் ஒரு கோள் உயிர் வாழத்தக்க மண்டலத்தில் இருக்கிறது என்று எழுதியவுடனே இரண்டாம் பூமி கிடைத்துவிட்டதாகத் தலைப்பிடுவது தவறு. அந்தச் சொல் விண்மீனிலிருந்து கோளின் தொலைவைத்தான் குறிக்கிறது. கோளின் வரலாற்றை அது சொல்வதில்லை.

இந்த அளவுகோல்களை எல்லாம் வைத்துப் பார்த்தால் பி.டி.எஸ். 70 நல்ல நிலையில்தான் இருக்கிறது. அதன் எடை சூரியனின் முக்கால் பங்கு. அதன் ஆயுள் சூரியனின் 1,000 கோடி ஆண்டுகளைவிட நீண்டது. நீர் இருக்கிறது, ஆனால் மிகையாகப் பாய்வதாகத் தெரியவில்லை. ஆனால் அதன் உட்பகுதியில் பாறைக் கோள் எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை. கருக்கள் இருந்தாலும் அவை முழுமை பெற இன்னும் வெகுகாலம் ஆகும். வாயு தீர்ந்த பின் செவ்வாய் அளவுள்ள கருக்கள் ஒன்றோடொன்று மோதி இணைவதுதான் பாறைக் கோள்களின் கடைசிக் கட்டம். பூமிக்கு அது பல கோடி ஆண்டுகள் நீடித்தது. நம் நிலவே அத்தகைய கடைசிப் பெருமோதல் ஒன்றின் விளைவு. அந்த மோதல்கள் மேற்பரப்பை உருக்கிப் பாறைக் குழம்பாக்குகின்றன. அதற்கு முன் எந்த வேதியியல் நடந்திருந்தாலும் அழிந்துவிடும். நீர் உள்ளே கரைந்து தங்கி, குளிர்ந்த பின் எரிமலை வழியே திரும்ப வந்தால்தான் கடல்.

அதன் பின்னும் பார்வையாளருக்குப் பொறுமை வேண்டும். பூமியின் காற்றில் ஆக்சிஜன் குறிப்பிடத்தக்க அளவில் சேர்ந்தது சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அதாவது கோள் பிறந்து 200 கோடி ஆண்டுகளுக்கும் மேல் கடந்த பிறகு. அதற்கு முந்தைய பூமியைத் தொலைவிலிருந்து ஒருவர் ஆக்சிஜனைத் தேடிப் பார்த்திருந்தால், கடல் முழுவதும் நுண்ணுயிர் நிறைந்திருந்த காலத்திலும் உயிரில்லாத கோள் என்றே எழுதியிருப்பார். ஆகவே வட்டுகளில் கோள் பிறப்பதைக் கற்பது ஒரு வேலை, நடுவயதுக் கோள்களின் காற்றில் மீத்தேனும் ஆக்சிஜனும் சேர்ந்திருக்கின்றனவா என்று தேடுவது வேறொரு வேலை. பி.டி.எஸ். 70 முதல் வேலைக்கு உரியது. இரண்டாம் வேலைக்குச் சிலியில் ஆர்மசோனஸ் மலையின் மேல் 39 மீட்டர் குறுக்களவுள்ள கண்ணாடியோடு ஒரு தொலைநோக்கியைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.